உஷார்! அந்த உயர்ந்த நாற்காலியைப் பாருங்கள்

ஓட்டு எண்ணும் நாளில் எங்கள் தெருமுனை டீக்கடை டி.வி.யில் ஒரு நம்பரைச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டிக்கொண்டே இருப்பார்கள். நம் சட்டசபை என்றால் 118, மக்களவை என்றால் 272. 'மேஜிக் நம்பர்' என்று அதற்குப் பெயர். யாருக்கும் அந்த நம்பர் வரவில்லை, தொங்கு சபைதான் என்று தெரிந்த மறு நிமிஷம் மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்பார்: "யாரு சார் யாரோட சேருவாங்க? நிதி யாருக்கு?" கடை மொத்தமும் மந்திரிசபை அமைக்க உட்கார்ந்துவிடும். உள்துறை இவருக்கு, ரயில்வே அவருக்கு, கேட்டது கிடைக்காமல் முறைத்துக்கொண்டு போகப்போகிறவர் இன்னார் என்று ஒரு வடைக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

நானும் பல வருஷம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து இலாகா பிரித்தவன்தான். அதனால்தான் இப்போது பதறிக்கொண்டு சொல்கிறேன். உஷார்! நாம் எல்லோரும் தப்பான இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். கூட்டணி ஆட்சியின் உயிர்நிலை நிதியிலும் இல்லை, உள்துறையிலும் இல்லை. சபையில் எல்லோரையும்விட உயரமாக ஒரு நாற்காலி போட்டிருக்கிறதே, சபாநாயகர் நாற்காலி, அங்கே இருக்கிறது. இலாகா பேரம் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் வரும். நாற்காலி யாருக்குப் போனது என்பது எட்டாம் பக்கத்தில் நாலு வரியாக வரும். அந்த நாலு வரியைத் தவறவிட்டால், பிறகு ஒருநாள் ஆட்சி கவிழும்போது ஏன் கவிழ்ந்தது என்றே புரியாது.

அந்த நாற்காலிக்கு அப்படி என்ன பலம்? 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் கொடுத்த பலம். கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போகும். கட்சியின் சபை உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் இன்னொரு கட்சியோடு இணைவதற்கு ஒப்பினால் தப்பிக்கலாம். (முன்பு மூன்றில் ஒரு பங்கு பேர் பிரிந்தாலே போதும் என்றிருந்தது, 2003-ல் அதை எடுத்துவிட்டார்கள்.) சரி, ஒருவர் மீறினாரா இல்லையா என்று தீர்ப்புச் சொல்வது யார்? சபாநாயகர்தான். எத்தனை நாளில் சொல்ல வேண்டும்? அதைப் பற்றிச் சட்டம் வாயே திறக்கவில்லை.

வாயைத் திறக்காத சட்டம் என்ன செய்யும் என்பதை நாமே பார்த்திருக்கிறோம். அது கூட்டணி ஆட்சி இல்லை, அதிமுக என்ற ஒரே கட்சிக்குள் நடந்த சண்டை. ஆனாலும் நாற்காலியின் பலத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. எம்.எல்.ஏ.க்களைத் தங்கவைத்த கூவத்தூர் ரிசார்ட் எல்லோருக்கும் நினைவிருக்கும். அது முடிந்து 2017 பிப்ரவரி 18-ல் எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை கோரியபோது ஓ.பன்னீர்செல்வம் உட்பட 11 எம்.எல்.ஏ.க்கள் எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் தினகரன் பக்கம் நின்ற எம்.எல்.ஏ.க்கள் ஆளுநரிடம் போய், முதல்வர் மேல் நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். கடிதம் கொடுத்தவர்களில் 18 பேருக்கு ஒரு மாதத்துக்குள், செப்டம்பர் 18-ல், பதவி போனது. சபையிலேயே எதிர்த்து ஓட்டுப் போட்ட 11 பேரின் விவகாரம் ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடந்தது. பன்னீர்செல்வம் துணை முதல்வராகவே இருந்தார். அதே சட்டம், அதே சபாநாயகர். ஒரு கோப்பு ஓடியது, இன்னொன்று தூங்கியது.

2020-ல் மணிப்பூர் வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், சாதாரணமாக மூன்று மாதத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்றது. கட்சிக்காரரான சபாநாயகரிடம் இந்த அதிகாரம் இருக்கத்தான் வேண்டுமா என்று நாடாளுமன்றம் யோசிக்கட்டும் என்றும் சொன்னது. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இனி கூட்டணிக்கு வருவோம். நம் ஊரில் 'கூட்டணி' என்றால் தேர்தலுக்கு முன் தொகுதி பிரித்துக்கொள்வது. 'கூட்டணி ஆட்சி' என்றால் மந்திரிசபையில் சேர்ந்து உட்காருவது. இந்த இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று உண்டு, அதுதான் ஆபத்தானது: 'வெளியிலிருந்து ஆதரவு'. கேட்க எவ்வளவு பெருந்தன்மையாக இருக்கிறது! பதவி வேண்டாம், நாட்டு நலனுக்காகக் கை கொடுக்கிறோம் என்கிற மாதிரி. வீட்டுக்குள் வந்து உட்காராமல் வாசலில் நின்றபடியே, கதவின் தாழ்ப்பாளைக் கையில் பிடித்திருக்கிற விருந்தாளி என்றுதான் எனக்குத் தோன்றும்.

சரண் சிங்கைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். 1979 ஜூலை 28-ல் பிரதமரானார். இந்திரா காங்கிரசின் ஆதரவை நம்பி வந்தவர், ஆகஸ்ட் 20-ல் சபையைச் சந்திக்கும் முன்பே அந்த ஆதரவு போய்விட்டது. பிரதமராக மக்களவையை ஒருநாள்கூட எதிர்கொள்ளாமலே ராஜினாமா செய்தார். அடுத்தவர் சந்திரசேகர். 1990 நவம்பரில் சுமார் 60 எம்.பி.க்களை வைத்துக்கொண்டு, ராஜீவ் காந்தி தந்த வெளி ஆதரவில் ஆட்சி அமைத்தார். ராஜீவ் வீட்டை ஹரியானா போலீஸ் வேவு பார்த்தது என்ற சண்டையில் மார்ச் 6-ல் அவரும் ராஜினாமா. அந்த நாலு மாதத்துக்குள் 1991 ஜனவரி 30-ல் கலைஞர் ஆட்சி கலைக்கப்பட்டதே, நினைவிருக்கிறதா? ஆளுநர் பர்னாலா அறிக்கை தர மறுத்தும் கலைத்தார்கள். ஆதரவு தருகிறவர்கள் கேட்டால் 60 எம்.பி. பிரதமரால் 'முடியாது' என்று சொல்ல முடியுமா? முழு பட்ஜெட்டைக்கூட அவரது அரசால் போட முடியவில்லை, இடைக்கால பட்ஜெட்டோடு நின்றது. அந்நியச் செலாவணி வறண்டு, மே மாதம் 20 டன் தங்கம் சுவிட்சர்லாந்து வங்கிக்குப் போனபோது நாட்டில் இருந்தது காபந்து சர்க்கார். பிறகு தேவெ கவுடா, குஜ்ரால். இரண்டு பேரையும் 1997 ஒரே வருஷத்தில் காங்கிரஸ் இறக்கிவிட்டது.

வெளி ஆதரவு எப்போதும் விழும் என்று சொல்லவில்லை. 2006-ல் திமுகவுக்கு 96 இடம்தான், பெரும்பான்மைக்கு 22 குறைவு. 34 இடம் வைத்திருந்த காங்கிரஸ் மந்திரிசபைக்கு வெளியே நின்றது. 'மைனாரிட்டி திமுக அரசு' என்று ஜெயலலிதா ஐந்து வருஷமும் அலுக்காமல் சொன்னார். அரசு அசையவில்லை. காரணம் கோட்டையில் இல்லை, டில்லியில் இருந்தது: அங்கே மன்மோகன் சிங் ஆட்சிக்குத் திமுகவின் எம்.பி.க்கள் வேண்டியிருந்தார்கள். இங்கே ஒரு அடகு, அங்கே ஒரு அடகு. சரண் சிங்கிடமும் சந்திரசேகரிடமும் அடகு வைக்க ஒன்றுமில்லை.

இப்போது நாற்காலியையும் வெளி ஆதரவையும் சேர்த்துப் பாருங்கள். 1998-ல் வாஜ்பாய் அரசுக்குத் தெலுங்கு தேசம் 12 எம்.பி.க்களோடு வெளியிலிருந்து ஆதரவு தந்தது. ஒரு மந்திரி பதவிகூட வாங்கவில்லை. சந்திரபாபு நாயுடு என்ன தியாகி என்று நினைத்தவர்கள் உண்டு. அவர் வாங்கியது சபாநாயகர் நாற்காலி, ஜி.எம்.சி. பாலயோகி அதில் உட்கார்ந்தார்.

அடுத்த வருஷம் ஏப்ரல் 14-ல் அதிமுக 18 எம்.பி.க்களோடு விலகியது. 17-ஆம் தேதி நம்பிக்கை ஓட்டெடுப்பு. அன்று நான் ஒரு டி.வி. கடை வாசலில் கூட்டத்தோடு கூட்டமாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றேன். திமுக வாஜ்பாய் பக்கம் ஓட்டுப் போட்டது. அதிமுக எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப்பக்கம் என்பது நம் ஊர் இலக்கணம், அதில் ஆச்சரியமில்லை. ஆச்சரியம் கிரிதர் கமாங். பிப்ரவரியிலேயே ஒரிசா முதல்வராகப் பதவியேற்றுவிட்டவர், எம்.பி. பதவியை இன்னும் விடவில்லை, ஓட்டுப் போட டில்லிக்கு வந்து உட்கார்ந்திருந்தார். ஒரு மாநிலத்தின் முதல்வர் மக்களவையில் ஓட்டுப் போடலாமா? சபாநாயகர் சொல்ல வேண்டும். பாலயோகி அதைக் கமாங்கின் மனச்சாட்சிக்கே விட்டுவிட்டார். கமாங் எதிர்த்துப் போட்டார். ஆதரவு 269, எதிர்ப்பு 270. கடை வாசலில் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. "ஒரே ஒரு ஓட்டா?" என்று பக்கத்தில் நின்றவர் என்னிடம் கேட்டார், நான்தான் எண்ணினேன் என்பது போல.

பாலயோகி வஞ்சகம் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவருடைய கட்சியே வாஜ்பாய் பக்கம்தான் ஓட்டுப் போட்டது. நான் காட்ட விரும்புவது வேறு. ஒரு ஆட்சி இருப்பதா போவதா என்பது, அந்த நாற்காலியிலிருந்து வந்த ஒரு வாக்கியத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

கவிழ்த்த பிறகு நடந்ததுதான் வயிற்றைக் கலக்குவது. நாலு நாள் கழித்து சோனியா காந்தி ஜனாதிபதி மாளிகை வாசலில் நின்று 272 பேர் ஆதரவு இருக்கிறது என்றார். முலாயம் சிங் கை விரித்தார். 272 வரவில்லை. ஏப்ரல் 26-ல் சபை கலைந்தது. மே மாதம் கார்கில் மலையில் சண்டை மூண்டபோது நாட்டை நடத்தியது, சபையில் தோற்றுப்போன ஒரு காபந்து அரசு.

ஜெர்மனியில் இப்படிக் கவிழ்க்க முடியாது. 1949-ல் எழுதிய அரசியல் சட்டத்தின் 67-ஆம் பிரிவு, பிரதமரை இறக்க வேண்டுமானால் அடுத்தவர் யார் என்று சொல்லி அவருக்குப் பெரும்பான்மை ஓட்டும் அதே கையோடு போட்டாக வேண்டும் என்கிறது. 1972-ல் வில்லி பிராண்டை இறக்கப் பார்த்து இரண்டு ஓட்டில் கோட்டைவிட்டார்கள். 1982-ல் ஒரு சின்னக் கூட்டாளிக் கட்சி பக்கம் மாறியதும் ஹெல்முட் ஷ்மிட் போய் ஹெல்முட் கோல் வந்தார். நடுவே ஒருநாள்கூடக் காலி இல்லை. கூட்டாளிகள் அங்கேயும் கழன்றுகொள்வார்கள். 2024 நவம்பரில் மூன்று கட்சி ஆட்சி உடைந்ததே. ஆனால் வெறுமனே கவிழ்த்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போக முடியாது. நம்மிடம் அந்தப் பூட்டு இல்லை.

2004-ல் இடதுசாரிகளும் அதேபோல வெளியிலிருந்து ஆதரவு தந்து நாற்காலியை வாங்கினார்கள். சோம்நாத் சாட்டர்ஜி. 2008-ல் அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து ஆதரவை விலக்கியபோது, விலகும் எம்.பி.க்கள் பட்டியலில் அவர் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். அவர் இறங்க மறுத்தார். ஜூலை 22-ல் எம்.பி.க்கள் கட்டுக்கட்டாக நோட்டைச் சபைக்குள் கொண்டுவந்து காட்டிய அந்தக் கூச்சலின் நடுவே உட்கார்ந்து ஓட்டெடுப்பை நடத்தி முடித்தார். 275-க்கு 256, அரசு பிழைத்தது. மறுநாள் அவருடைய மார்க்சிஸ்ட் கட்சி அவரை நீக்கியது. அந்த நாற்காலியில் இப்படியும் ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பதற்காகவே சொல்கிறேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய எச்சரிக்கை மகாராஷ்டிராவில் இருக்கிறது.

2019 தேர்தலில் பாஜகவும் சிவசேனாவும் சேர்ந்தே நின்றன. 105-ம் 56-ம் சேர்த்தால் 161. 288 பேர் சபையில் 145 போதும். ஜெயித்த கூட்டணி, ஆட்சி அமைக்க வேண்டியதுதானே? முதல்வர் பதவியைப் பாதிக்குப் பாதி பிரித்துக்கொள்வதாகப் பேச்சு என்றது சிவசேனா. அப்படிப் பேசவே இல்லை என்றது பாஜக. காகிதத்தில் ஒரு வரிகூட இல்லை. உடைந்தது. ஜனாதிபதி ஆட்சி வந்தது. நவம்பர் 23 அதிகாலை 5:47-க்கு அதை விலக்கி, ஊர் பல் தேய்க்கும் நேரத்தில் பட்னாவிஸ் பதவியேற்றார்; உச்ச நீதிமன்றம் உடனே சபையில் நிரூபி என்றதும் மூன்றாம் நாள் இறங்கினார். 28-ல் காங்கிரஸ், தேசியவாத காங்கிரஸ் துணையோடு உத்தவ் தாக்கரே முதல்வர்.

இதெல்லாம் முதல் பக்கத்தில் வந்தது. எட்டாம் பக்கச் செய்தி 2021 பிப்ரவரியில் வந்தது: சபாநாயகர் நானா படோலே ராஜினாமா. மாநில காங்கிரஸ் தலைவராகப் போகிறார். மூன்று கட்சி ஆட்சியில், மற்ற எல்லா நாற்காலிக்கும் அடித்துக்கொள்கிற மூன்று கட்சி ஆட்சியில், அந்த ஒரு நாற்காலியைச் சும்மா விட்டுவிட்டு எழுந்து போனார்கள். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க முயன்றபோது, தேர்தல் விதியை மாற்றியது சரியில்லை என்று ஆளுநர் கோஷ்யாரி இசைவு தரவில்லை. நாற்காலி காலியாகவே கிடந்தது. ஒரு மாதம், இரண்டு மாதம் இல்லை, 17 மாதம். துணை சபாநாயகர் நர்ஹரி ஜிர்வால் ஒப்பேற்றிக்கொண்டிருந்தார்.

2022 ஜூன் 20 இரவு ஏக்நாத் ஷிண்டே எம்.எல்.ஏ.க்களோடு சூரத்துக்குக் கிளம்பினார். அங்கிருந்து குவாஹாட்டி ஓட்டல். அவர்களில் 16 பேருக்குத் துணை சபாநாயகர் தகுதிநீக்க நோட்டீஸ் அனுப்பினார். அதற்குள் அவர்கள் பக்கத்திலிருந்து, அவரையே நீக்க வேண்டும் என்று ஒரு நோட்டீஸ் வந்துவிட்டது. தன்னை நீக்கக் கோரும் நோட்டீஸ் நிலுவையில் இருக்கும்போது நாற்காலியில் இருப்பவர் யாரையும் தகுதிநீக்கம் செய்யக்கூடாது என்று 2016-ல் அருணாச்சலப் பிரதேச வழக்கில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. ஜிர்வாலின் கை கட்டிப்போட்டது போல ஆனது. உச்ச நீதிமன்றம் 16 பேருக்கும் பதில் சொல்ல ஜூலை 12 வரை நேரம் கொடுத்தது. ஆளுநரோ ஜூன் 30-ல் பெரும்பான்மையை நிரூபி என்றார்.

ஜூன் 29 இரவு, ஓட்டெடுப்பை நிறுத்த முடியாது என்று நீதிமன்றம் சொன்ன சற்று நேரத்தில், உத்தவ் ஃபேஸ்புக் நேரலையில் வந்து ராஜினாமாவை அறிவித்தார். மறுநாள் ஷிண்டே முதல்வர். 17 மாதம் நிரப்ப முடியாத அந்த நாற்காலி ஜூலை 3-ஆம் தேதி நிரம்பியது. பாஜகவின் ராகுல் நர்வேகர், 164 ஓட்டு. ஆட்சி மாறி நாலாவது நாள்!

2023 மே 11-ல் ஐந்து நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள்: ஆளுநர் ஓட்டெடுப்புக்கு உத்தரவிட்டது சரியில்லை. படித்தவுடன், அப்படியானால் உத்தவ் திரும்பி வருவாரா என்றுதான் யாரும் நினைப்பார்கள். வர முடியாது. அவர் ஓட்டெடுப்பைச் சந்திக்கவில்லை, தானாக ராஜினாமா செய்துவிட்டார். தோற்காத ஆட்சியை எப்படித் திருப்பித் தருவது என்றது தீர்ப்பு. வாஜ்பாய் நின்று ஒரு ஓட்டில் தோற்றார். உத்தவ் நிற்காமலே போனார், நியாயம் கிடைத்தும் பதவி கிடைக்கவில்லை. நெருக்கடியில் இருக்கிற எந்த முதல்வருக்காவது நான் வக்கீலாக இருந்தால் பேனாவைத்தான் முதலில் பிடுங்குவேன்.

அந்த 16 பேர்? அதைச் சபாநாயகர் முடிவு செய்யட்டும் என்றது நீதிமன்றம். எந்தச் சபாநாயகர்? நர்வேகர். 2024 ஜனவரி 10-ல் அவர் முடிவு சொன்னார்: ஷிண்டே அணிதான் உண்மையான சிவசேனா, யாருக்கும் பதவி போகாது.

ஆளுநர் என்றதும் இன்னொன்று. தொங்கு சபையில் முதலில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் வரிசை எழுதவில்லை. சர்க்காரியா கமிஷன் 1988-ல் ஒரு வரிசை சொன்னது: தேர்தலுக்கு முன் சேர்ந்த கூட்டணி, பிறகு மற்றவர் ஆதரவோடு வரும் தனிப்பெரும் கட்சி, அதன் பிறகே தேர்தலுக்குப் பின் சேர்ந்தவர்கள். நடப்பதோ அவரவர் சௌகரியம். 2017-ல் கோவாவில் 40-க்கு 17 வாங்கிய காங்கிரஸ் முதலிடம், ஆட்சி அமைத்தது 13 வாங்கிய பாஜக. மறுவருஷம் கர்நாடகாவில் 104 வாங்கிய பாஜகவை, தனிப்பெரும் கட்சி என்று முதலில் கூப்பிட்டு நிரூபிக்க 15 நாள் கொடுத்தார் ஆளுநர்; உச்ச நீதிமன்றம் விடிய விடிய வழக்கைக் கேட்டது, பிறகு அந்த அவகாசத்தைச் சுருக்கியது, எடியூரப்பா மூன்றாம் நாள் இறங்கினார். இது புதுப் பழக்கமும் இல்லை. 1952-ல் சென்னை மாநிலத்தில் 375-க்கு 152 தான் காங்கிரசுக்கு. ஆளுநர் ஸ்ரீபிரகாசா, தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை மேலவைக்கு நியமித்து முதல்வராக்கினார். காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் மந்திரியானார். ஆறு எம்.எல்.ஏ.க்கள் உள்ள கட்சி!

மந்திரிகளின் எண்ணிக்கைக்கு மட்டும் ஒரு கடிவாளம் உண்டு. 1997-ல் உத்தரப் பிரதேசத்தில் கல்யாண் சிங் 90-க்கும் மேற்பட்டவர்களை மந்திரியாக்கி ஆட்சியைக் காப்பாற்றினார். 2003 திருத்தம் சபையில் 15 சதவீதத்துக்கு மேல் கூடாது என்றது. நம் கணக்கில் 35 பேர். மிச்சப் பேருக்கு வாரியம் இருக்கிறது, கழகம் இருக்கிறது, சுழல் விளக்கு போனாலும் கார் இருக்கிறது.

2024 ஜூனில் பாஜகவுக்கு 240-தான் வந்தது. 16 வைத்திருந்த தெலுங்கு தேசமும் 12 வைத்திருந்த ஐக்கிய ஜனதா தளமும் தேவைப்பட்டன. விமானப் போக்குவரத்து போனது, பஞ்சாயத்து ராஜ் போனது. டீக்கடையில் இதை நாங்கள் ஒரு மணி நேரம் அலசினோம். ஜூன் 26-ல் சபாநாயகர் தேர்தல் நடந்தபோது டி.வி.யை யாரும் பார்க்கவில்லை. நாற்காலியை பாஜக யாருக்கும் கொடுக்கவில்லை. ஓம் பிர்லாவே மறுபடி உட்கார்ந்தார்.

அவருக்குப் பக்கபலமாக இருக்க வேண்டிய துணை சபாநாயகர் பதவிக்கு வந்தால் கதை இன்னும் வேடிக்கை. 'கூடிய சீக்கிரம்' தேர்ந்தெடுக்கச் சொல்கிறது அரசியல் சட்டத்தின் 93-ஆம் பிரிவு. 2019-ல் கூடிய மக்களவை ஐந்து வருஷமும் துணை சபாநாயகர் இல்லாமலே முடிந்தது. அதற்கு முந்தைய ஐந்து வருஷம் அங்கே இருந்தவர் நம் கரூர் தம்பிதுரை.

இதை எல்லாம் போன வாரம் மாஸ்டரிடம் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு, அடுத்த தடவை தொங்கு சபை வந்தால் சபாநாயகர் யார் என்றுதான் முதலில் கேட்க வேண்டும், சரியா என்றேன். அவர் டபராவைக் கழுவி வைத்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"கரெக்ட் சார். அது சரி, நிதி யாருக்கு?"